வீட்டில் கேட்ட வாக்கியங்கள்

இழுப்பறைச் சாவி மகள் கைக்கு வந்துவிட்டது. போன வாரம் இந்தத் தொடர்கதைக்குப் பக்கம் தீர்ந்துபோனது அந்த இடத்தில்தான்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் அதற்குள் எழுந்துபோய் ஒரு டீ போட்டுக்கொண்டு வரலாம்.

பல்கலைக்கழகத்தின் மொழித்துறையில் முப்பத்தாறு வருடம் வினைச்சொல்லை மட்டும் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் ஒருவர். மாணவர்கள் வைத்த பெயர் வினைமுற்று. பெயர்ச்சொல்லை அவர் மதிக்கவே மாட்டார். "அது சும்மா உட்கார்ந்திருக்கும். வேலை பார்க்கிறது வினைதான்" என்பார். ஒரு தடவை துறையில் திரைச்சீலை பற்றிக்கொண்டது. உதவியாளர் ஓடி வந்து, "சார், தீப்பிடிக்குது!" என்று கத்தினார். வினைமுற்று திரும்பிப் பார்த்து, "பிடிக்குது இல்லை, பிடிச்சிடுச்சு" என்று காலத்தைத் திருத்திய பிறகுதான் எழுந்தார். அதற்குள் அந்த வாக்கியம் இரண்டாவது திரைச்சீலைக்கும் பொருந்தும்படி ஆகியிருந்தது. எரிந்தது ஒரே ஒரு திரைச்சீலைதான் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் புகை வந்ததுமே ஓடிவிட்டவர்கள். அவர்கள் பேச்சை எடுத்துக்கொள்ள முடியாது.

அவருடைய மனைவி மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில், ஒரு பெட்டியும் ஒரு குடையுமாகப் புறப்பட்டு, தங்கையின் மருந்துக்கடைக்கு மேலிருக்கும் மாடிக்குக் குடிபோய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஏன் என்று இவர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரே மகள். நாற்பது வயது. அப்பா இருந்த அதே துறைக்கு இப்போது தலைவி. அப்பாவுக்கு மட்டும் இன்னும் பாப்பா.

இன்றைக்கு மூன்று மணிக்குப் பாடத்திட்டக் குழு கூடுகிறது. மூன்றாம் ஆண்டில் எல்லோரும் கட்டாயமாகப் படிக்க வேண்டிய வினையியல் தாளை விருப்பப் பாடமாக மாற்றலாமா என்று ஓட்டு எடுக்கப்போகிறார்கள். விருப்பப் பாடம் என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்தில் தூணுக்குக்கூடத் தெரியும். இரண்டு வருடம் யாரும் விரும்பாவிட்டால் தாளே இருக்காது.

அந்தத் தாளைக் காப்பாற்ற அப்பாவிடம் இருப்பது ஒன்றுதான். நாற்பத்தோராயிரம் அட்டைகள். காதில் விழுந்த, கண்ணில் பட்ட வினைச்சொல்லையெல்லாம் வாக்கியத்தோடு எழுதி, எங்கே கேட்டது, என்றைக்குக் கேட்டது என்று குறித்து வைத்தவை. அதிலிருந்து நூறு எடுத்துக் குழுவின் முன் வைக்க வேண்டியது மகள் பொறுப்பு.

காலை ஏழு மணிக்கு அவள் அந்த அறைக்குள் நுழைந்தாள். ஒரு காலத்தில் அது படுக்கையறை. மர அலமாரிகள் ஒவ்வொன்றாக வந்து கட்டிலைச் சுவரோரம் தள்ளின. பிறகு வராந்தாவுக்குத் தள்ளின. கடைசியில் கட்டிலே மனம் வெறுத்து எங்கோ போய்விட்டது.

"பாப்பா, 'விடு'வை முதல்ல எடு. அடுத்தது 'கொள்'. 'போ' வேண்டாம், அது எல்லார்கிட்டயும் இருக்கும்." அப்பா பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார்.

"எதுக்குப்பா இஸ்திரி? உங்களுக்கு அழைப்பே இல்லையே."

"வராந்தாவில உட்கார அழைப்பு வேணுமா?"

"மூணு மணிக்குத்தான் கூட்டம்."

"தெரியும். கழுத்துப்பட்டி ஆறட்டும்னு இப்பவே போடறேன்."

அவள் சிரிக்கவில்லை. அவருக்கு அது வேடிக்கை என்றும் தெரியாது.

"பத்திரிகை அட்டையை நம்பாதே," என்று இஸ்திரிப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். "அதெல்லாம் உட்கார்ந்து யோசிச்சு எழுதினது. வாயிலிருந்து அப்படியே விழுந்ததை எடு. கீழ் இழுப்பறையில வீட்டு அட்டை ஒரு கட்டு இருக்கும். சத்தியமா சொல்றேன், அந்த மாதிரிப் பிரயோகம் எந்த ஊர்லயும் கிடைக்காது. அதுக்குக் கை தூக்காதவன் மனுஷனே இல்லை."

கட்டு இருந்தது. அறுபது அட்டை தேறும். கடைசித் தேதியைப் பார்த்தாள்.

"இது முப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னாலயே நின்னுபோச்சே. அப்புறம் ஏன் எழுதலை?"

"வீட்டுல வினை வளம் வத்திப்போச்சும்மா," என்றார், கிணற்றைப் பற்றிச் சொல்வதுபோல.

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் நின்றிருந்தால் இந்த இடத்தில் ஒரு நல்ல சம்பவம் கிடைத்திருக்கும். நல்லவேளையாக அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஒன்பதரைக்குத் துறைத் தலைவி தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அட்டைகளை மேஜை மேல் பரப்பினாள்.

வீட்டுக் கட்டின் முதல் அட்டை. *கொதி: "பால் கொதிக்குது, பாருங்க." வீட்டில் கேட்டது.* கீழே தேதி.

இரண்டாவது அட்டை, அதே தேதி. *வழி: "பால் வழிஞ்சு போச்சு."*

மூன்றாவது அட்டை, அதே தேதி. *தேய்: "அடுப்பை யார் தேய்க்கிறது? நான்தான் தேய்க்கணும்."*

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் குரல் அப்படியே கேட்டது. பால் பொங்கும்போது அப்பா பக்கத்திலேயே நின்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று அட்டைக்கும் ஒரே பேனா, ஒரே நிதானம்.

இவை போதும். குழுவில் இருக்கும், கணினி வைத்துக்கொண்டு சொற்களை எண்ணும் புது விரிவுரையாளர்கூட வாயடைத்துப்போவார் என்று நினைத்துக்கொண்டே புரட்டினாள்.

இருபதாவது அட்டையோ என்னவோ. *விடு: "இந்த வருஷமாவது என்னைப் படிக்க விடுங்க."*

வாக்கியம் அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் நாற்பத்தேழாவது உதாரணம் அது. ஆய்வு செய்த காலத்தில் அப்பா உதாரண வாக்கியங்களைத் தட்டச்சு செய்து ஒரு பட்டியலாகக் கொடுத்தார். எங்கே கேட்டது என்று அதில் இல்லை. கேட்கவும் தோன்றவில்லை. அனுமதி கேட்கும் 'விடு'வுக்கு அவ்வளவு சுத்தமான சான்று வேறு இல்லை என்று அப்போதே தேர்வாளர்கள் பாராட்டினார்கள். பதினான்கு வருடமாக அதைத்தான் கரும்பலகையில் எழுதுகிறாள். இரண்டு முறை வினாத்தாளில் வந்திருக்கிறது. ஐந்து மதிப்பெண்.

அட்டையின் கீழ்வரியைப் பார்த்தாள். *வீட்டில் கேட்டது.* ஜூன் மாதம். மாணவர் சேர்க்கை நடக்கும் மாதம்.

கட்டைக் கலைத்துத் தேடினாள். *விடு: "இந்த வருஷம் ஒண்ணுதான், விடுங்களேன்."* முந்தின வருடம் ஜூன். *விடு: "பாப்பாவைத் தங்கச்சி பார்த்துக்குவா, நீங்க விட்டாப் போதும்."* அதற்கு முந்தின ஜூன்.

ஒன்பது அட்டை. ஒன்பது ஜூன். வேறு வேறு மை. அழகான கையெழுத்து. ஓர் அட்டையின் ஓரத்தில் சிவப்பில், *மிகச் சிறந்த சான்று.*

அம்மா இதே பல்கலைக்கழகத்தில் கணிதம் இரண்டு வருடம் படித்தார், கல்யாணத்தோடு நின்றது என்று அவளுக்குத் தெரியும். நின்றது என்றுதான் வீட்டில் சொல்வார்கள், மழை நின்றது மாதிரி. படிப்பை விட்டவர்கள் பத்து வருடத்துக்குள் திரும்பி வந்தால் மூன்றாம் ஆண்டிலேயே சேரலாம் என்று ஒரு விதி உண்டு. துறைத் தலைவி என்ற முறையில் அந்த விதியின் கீழ் எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

வீட்டுக் கட்டை மட்டும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டாள்.

மருந்துக்கடையில் அம்மாவுக்கு ஒரு வேலை உண்டு. டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துச் சொல்வது. டாக்டர் தானே எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, இது என்னன்னு பாருங்க" என்று கேட்ட நாளும் உண்டு. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அந்த டாக்டர் என்பதால் இதில் சந்தேகம் வேண்டாம்.

"வா வா, துறைத் தலைவி!" என்றாள் சித்தி கல்லாவிலிருந்து. "முகம் ஏன் இப்படி இருக்கு? தலைவலியா? உனக்குன்னா மாத்திரை சும்மா தரேன்."

"அம்மாகிட்டப் பேசணும் சித்தி."

"பேசு. உங்க அப்பா வீட்டுக்கு வான்னு சொல்லி அனுப்பியிருந்தா மட்டும் பேசாதே."

"அவர் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்."

"அதுவும் சரிதான்," என்று சித்தி அடுத்தவரைக் கவனிக்கத் திரும்பினாள்.

மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. மேஜை மேல் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு அது பெரிய சொத்து. அடிக்கடி துடைத்து வைப்பார்.

மகள் கட்டை அந்த மேஜை மேல் வைத்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் அட்டையை எடுத்தார். இரண்டாவது. மூன்றாவது.

"பால் வழிஞ்ச அன்னிக்கு நீ வயித்துல," என்றார். "என்னால குனிய முடியலை."

ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டே போனார். முதல் 'விடு' வந்ததும் கை நின்றது. பிறகு மற்ற எட்டையும் தானே தேடிப் பிரித்து, தேதி வரிசையில் அடுக்கினார். தேதியைப் பார்க்காமலே அடுக்கினார்.

"அம்மா, எனக்குத் தெரியாதும்மா. என் ஆய்வேட்டிலயே இது இருக்கு. பதினாலு வருஷமா வகுப்புல எழுதிப் போடறேன். நீ சொன்னதுன்னு எனக்குத் தெரியாது."

"எப்படித் தெரியும்? உனக்கு அப்போ ஏழு வயசுகூட ஆகலை." அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "முதல் வருஷம் நான் கேட்டதும் உடனே பேனாவை எடுத்து எழுதிக்கிட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மறந்துடக் கூடாதுன்னு குறிச்சு வச்சுக்கிறார்னு நினைச்சேன். என் தங்கச்சிகிட்டக்கூடச் சொன்னேன், 'அத்தான் எழுதியே வச்சுக்கிட்டாருடி'ன்னு."

மகள் அந்த முதல் அட்டையின் தேதியை மறுபடி பார்த்தாள்.

"அடுத்த வருஷமும் எழுதிக்கிட்டார். வேலை மும்முரம், போன வருஷம் எழுதினதைத் தொலைச்சிருப்பார்னு நினைச்சேன். இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொன்னா ஞாபகம் இருக்கும்னு, வருஷத்துக்கு வருஷம் மாத்தி மாத்திச் சொன்னேன். அதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு."

"என்னம்மா பதில் சொல்வார்?"

"பார்க்கலாம்பார்."

அந்தப் பதில் எந்த அட்டையிலும் இல்லை. 'பார்க்கலாம்' என்பதற்கு அவரிடம் ஏற்கெனவே போதுமான சான்று இருந்தது.

"ஒன்பதாவது வருஷம் அலமாரியைத் தூசி தட்டினேன். ஒன்பதும் ஒண்ணுமேல ஒண்ணா இருந்தது. எதையும் அவர் தொலைக்கவே இல்லை." அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதுக்கப்புறம் அவர்கிட்டப் பேசும்போது வினையை எடுத்துட்டேன்."

"என்னது?"

"'சாப்பாடு மேஜை மேல.' 'பாப்பாவுக்குக் காய்ச்சல்.' 'வாசல்ல தபால்காரர்.' இதுல எழுதிக்க என்ன இருக்கு? கொஞ்ச நாள் கஷ்டமா இருந்தது. அப்புறம் பழகிடுச்சு."

"முப்பது வருஷமா?"

"கண்டுபிடிப்பார்னு நினைச்சேன். பெரிய வினைப் பேராசிரியர் இல்லையா."

முப்பது வருடம் ஒரு பெண் ஒரே ஒருவரிடம் மட்டும் வினைச்சொல் இல்லாமல் குடித்தனம் நடத்த முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரு நாள் காலை முயன்று பார்த்தேன். எட்டரை மணிக்குள் வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. ஆகவே முடியும் என்றால் அந்த அம்மாவால் மட்டும்தான் முடியும்.

மகள் மணியைப் பார்த்தாள். ஒன்றேகால்.

"அம்மா, நான் வந்தது உன் அனுமதி கேட்க. மூணு மணிக்குக் கூட்டம். இந்தக் கட்டைக் காட்டினா அப்பாவோட தாள் பிழைச்சுக்கும். இல்லைன்னா போயிடும். உன் பேர் எங்கயும் வராது."

"என் பேர்தான் இப்பவும் இல்லையே." அம்மா ஒன்பது அட்டைகளையும் மேஜையில் தட்டி ஓரம் சேர்த்தார். "பிள்ளைங்க எல்லாம் இதைப் படிப்பாங்களா?"

"வருஷத்துக்கு நூறு பேர்."

"நீ இதைக் கரும்பலகையில எழுதுவியே, பதினாலு வருஷமா. அதுல ஒருத்தராவது, 'அப்புறம் அந்தப் பொண்ணைப் படிக்க விட்டாங்களா மேடம்'னு கேட்டிருக்காங்களா?"

மகள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். ஆயிரத்து நானூறு முகம்.

"இல்லைம்மா."

"நீ?"

கீழே யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி எந்த இருமல் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் கேட்கலை," என்றாள் மகள்.

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

"இப்பக்கூடச் சேரலாம்மா. வயசு வரம்பு எடுத்தாச்சு. முதல் வருஷத்துலேர்ந்து..."

"எதுக்கு? காலையில நீ என் வாக்கியத்தை எழுதிப் போடணும், சாயந்திரம் நான் அதுக்குப் பரீட்சை எழுதணுமா? ஃபெயிலாயிட்டா என்ன பண்றது?" அம்மா சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "அன்னிக்கு எனக்கு இருபத்தொன்பது வயசு பாப்பா. கணக்கு தலையில அப்படியே நின்னுட்டிருந்தது. இப்போ மருந்துச் சீட்டுதான் நிக்குது."

பிறகு அட்டைகளை எடுத்துக் கண்ணாடிக் கூட்டோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார். "இது என்னோடது. நான் சொன்னது. அவர் எழுதிக்கிட்டார், அவ்வளவுதான்."

"சரிம்மா. மத்ததை மட்டுமாவது..."

"பால் அட்டையையும் வை. அடுப்பை நான்தான் தேய்ச்சேன்."

மகள் மீதிக் கட்டையும் மேஜை மேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். படி இறங்கும்போது சித்தி ஒரு மாத்திரைப் பட்டையை நீட்டினாள். "வாங்கிக்கோ. இப்போ வலிக்கும்."

குழுவில் தலைவியோடு சேர்த்து ஒன்பது பேர். நீள மேஜை. காற்றாடி ஒன்று இருந்தது. அது சுற்றுவதைவிடத் தலையாட்டுவது அதிகம்.

வெளியே வராந்தா பெஞ்சில் இஸ்திரி கலையாத சட்டையோடு வினைமுற்று உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும்போது மகள் அவரைப் பார்க்காமல் போனாள்.

பத்திரிகை அட்டைகளும் வகுப்பறை அட்டைகளும் கை மாறின. புது விரிவுரையாளரான கணினிக்காரர் மரியாதையாகத்தான் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. வேலையில் கறாரானவர்.

"மேடம், கையெழுத்து அருமை. ஆனா பத்திரிகை வாக்கியம் என்கிட்டக் கோடிக்கணக்கில இருக்கு. ஒரு நொடியில எடுத்துடலாம். அதுக்காக ஒரு கட்டாயத் தாள் வேணும்னு நான் எப்படிச் சொல்றது?"

"வேற என்ன இருந்தா சொல்வீங்க?"

"வீட்டுக்குள்ள பேசறது. நாலு சுவத்துக்குள்ள நாற்பது வருஷத்துக்கு முன்னால என்ன பேசினாங்கன்னு எந்தக் கணினியிலயும் இல்லை. தேதி போட்ட மூல அட்டை அப்படி இருந்தா, பத்து போதும். இந்தத் தாளுக்கு நானே முதல் ஆளா கை தூக்கறேன்."

எட்டு முகமும் தலைவியைப் பார்த்தன. சரிபாதி பேர், இருக்கிறது என்று சொல்லிவிடம்மா என்பதுபோலப் பார்த்தார்கள்.

"எங்ககிட்ட இல்லை," என்றாள்.

"உங்க ஆய்வேட்டில நாற்பத்தேழாவது உதாரணம் இருக்கே? 'இந்த வருஷமாவது'ன்னு ஆரம்பிக்கும். நான் மாணவனா இருந்தப்போ அதை வச்சுத்தான் 'விடு' புரிஞ்சுது. அது வீட்டுப் பேச்சு மாதிரித்தானே இருக்கு? அதோட அட்டை எங்கே?"

அவள் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடிக்காமலே வைத்தாள்.

"அந்த உதாரணத்தை நான் திரும்ப எடுத்துக்கறேன். குறிப்புல எழுதிக்குங்க."

"தப்பான சான்றா மேடம்?"

"சான்று சரிதான். சொன்னவங்ககிட்ட நாங்க யாரும் கேட்கலை."

கணினிக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். குறிப்பெழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

ஓட்டு எடுத்தார்கள். தாள் கட்டாயமாகத் தொடர வேண்டும் என்று நான்கு கை. அதில் ஒன்று தலைவியுடையது. விருப்பப் பாடமாக்க ஐந்து. ஐந்தாவது கை கணினிக்காரருடையது. பாதி வழியில் ஒரு கணம் தயங்கிப் பிறகு மேலே போனது.

முப்பத்தாறு வருடத் தாளை மாற்ற நான்கு நிமிடம் ஆனது. அடுத்த விஷயம் நூலகத்துக்கு நாற்காலி வாங்குவது. அதற்கு நாற்பது நிமிடம் ஆனது.

நாலரைக்குக் கதவு திறந்தது. எல்லோரும் வினைமுற்றுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேகமாகப் படி இறங்கினார்கள். அந்த வேகத்திலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"எத்தனை?"

"அஞ்சு, நாலு."

"வீட்டுக் கட்டைப் பார்த்துமா?"

"காட்டலைப்பா."

"ஏன்?" பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "காலையில எடுத்துட்டுத்தானே வந்தே? எங்கே அது?"

"அம்மாகிட்டக் கொடுத்துட்டேன்."

"அவளுக்கு எதுக்கு அது?" கோபம் இல்லை. நிஜமாகவே புரியவில்லை.

மகள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அப்பா, 'இந்த வருஷமாவது என்னைப் படிக்க விடுங்க.' ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "அதா! இல்லாம என்ன? அருமையான பிரயோகம் பாப்பா. அந்த 'ஆவது' இருக்கு பார், அது ஒண்ணு போதும், அதுக்கு முன்னால எத்தனை வருஷம்..."

அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். தான் சொல்லிக்கொண்டிருந்தது தன் காதிலேயே விழுந்தது. அவர் காது நல்ல காது. நாற்பத்தோராயிரம் வாக்கியம் கேட்ட காது.

வராந்தா முழுக்கச் சாயங்கால வெயில் கிடந்தது. கீழே மாணவர்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

"அவ ஒரு தடவை கேட்டா," என்றார் மெதுவாக. "ஏதோ ஒரு தடவை கேட்ட ஞாபகம் இருக்கு."

"ஒன்பது தடவைப்பா. ஒன்பது ஜூன். தேதி நீங்கதான் போட்டிருக்கீங்க."

விரல்களை மடக்க ஆரம்பித்தார். ஐந்தாவதில் விட்டுவிட்டார்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"இன்னிக்குத்தான். நானும் அதை வச்சுத்தான் பட்டம் வாங்கியிருக்கேன்."

அவர் மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். பிறகு வகுப்பில் புரியாத மாணவன் கேட்கிறமாதிரிக் கேட்டார். "பாப்பா, நான் என்ன பதில் சொன்னேன்? அட்டையில இருக்கா?"

"இல்லைப்பா. அவங்க கேட்டது மட்டும்தான் இருக்கு."

"என்ன சொல்லியிருப்பேன்?"

மகளுக்கு அது தெரியும். இன்று ஒரு மணிக்கு மேல் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அம்மாவைத்தான் கேட்கணும்," என்றாள்.

அவர் எழுந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். துணைக்கு வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள்.

பெரிய கேட்டுக்கு வெளியே சாலை இரண்டாகப் பிரிகிறது. இடதுபுறம் வீடு. வலதுபுறம் போனால் மருந்துக்கடை, நடந்தால் பத்து நிமிடம். இந்த மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை.

அந்தப் பிரிவில் நின்றார். சட்டையை ஒரு தடவை கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டார். காலை எடுத்து வைத்த நேரத்தில் ஒரு பஸ் வந்து குறுக்கே நின்றது. ஆட்கள் நிதானமாக ஏறினார்கள், ஒருவர் சில்லறைக்குச் சண்டை போட்டார், ஒருவர் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கினார். பஸ் நகர்ந்தபோது அந்த இடத்தில் அவர் இல்லை.

மகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. எந்தப் பக்கம் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டும் பயனில்லை. நானும் பஸ்ஸுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன்.